ஒருநாள் விருந்தாளி

'ஏனுங்க, வாங்க' என்று வந்தவரை மரியாதையாக அழைப்பதில் எங்கள் கொங்கு நாட்டாருக்குத் தனிப் பெருமை உண்டு. அந்தப் பெருமையின் எல்லை எதுவரை என்று எண்ணிப் பார்க்கிறேன்.

பாய்மரப் படகையே வீடாகக் கொண்டு பிள்ளைகுட்டிகளுடன் கடல் சுற்றும் குடும்பங்கள் உண்டு. வடகிழக்குப் பருவக்காற்றைப் பிடித்து, தாய்லாந்துப் பக்கமிருந்து செங்கடலை நோக்கிப் போகிறவர்கள் இலங்கையின் காலித் துறைமுகத்தில் இறங்குவார்கள். தண்ணீரும் காய்கறியும் வாங்குவார்கள். பழைய டச்சுக் கோட்டையைச் சுற்றிப் பார்ப்பார்கள். அந்தக் குழந்தையின் கையில் ஒரு வாழைப்பழத்தை வைக்க எந்தக் கடைக்காரருக்குத்தான் மனம் வராது?

அந்த அன்பு பொய்யல்ல, ஆனால் செலவில்லாதது. பொழுது சாய்ந்ததும் படகேறப் போகிறவர்கள் நம்மிடம் வாடகைக்கு வீடு கேட்பதில்லை. பள்ளிக்கூடத்தில் நம் பிள்ளைக்குப் பக்கத்தில் இடம் கேட்பதில்லை.

பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் திருப்பூர்ப் பனியன் கம்பெனி வேலைக்காகக் குடும்பத்தோடு ரயிலை விட்டு இறங்குகிறவர்களும் கரை தேடி வந்தவர்கள்தாமே? அவர்கள் செய்த குற்றமெல்லாம், மாலையில் திரும்பிப் போகாமல் தங்கிவிட்டதுதான். பத்து வருஷம் உழைத்த பிறகும் அவர்கள் நமக்கு 'வடக்கத்தியார்'.

விருந்தோம்பல் ஒரு பகலில் முடிந்துவிடுகிற காரியம். மறுநாள் காலையிலும் அதே மனிதர் அடுத்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போது, 'வாங்க' என்ற சொல் நம் வாயில் வருகிறதா என்பதுதான் கேள்வி.