சாந்தும் சான்னித்தியமும்

சுண்ணாம்புச் சாந்து வெறுமனே காய்வதால் இறுகுவதில்லை. நீற்றிய சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மறுபடி சுண்ணாம்புக்கல்லாகிறது. அதற்கு வாரக்கணக்கில் உள்ளே ஈரம் தங்க வேண்டும். கோடையில் வெயில் 40 டிகிரி செல்சியஸை எட்டும் சேலம், நாமக்கல் சமவெளியில் முதலில் பறிபோவது அந்த ஈரம்தான். பூச்சு வெடிக்கும், தொட்டால் மாவாக உதிரும். கடுக்காய் ஊறல் நீரும் பனைவெல்லமும் இங்கேதான் உதவுகின்றன. வெல்லத்தின் சர்க்கரை சுண்ணாம்பைக் கூடுதலாகக் கரைக்கிறது. குறைந்த நீரிலேயே சாந்து குழைகிறது. அதே சர்க்கரை சிமென்டில் கலந்தால் அது இறுகுவதே கெடும்.

கோயில் திருப்பணியில் சுண்ணாம்பா சிமென்டா என்பது பொறியியலோடு முடிவதில்லை. கட்டும் பொருள் மாறினால் கோயில் அதே கோயில்தானா என்ற கேள்வி எழுகிறது. ஆகம வழக்கில் பணிக்கு முன் பாலாலயம் செய்து, மூலவரின் சக்தியைக் கலசத்துக்கோ அத்திப்பலகையில் வரைந்த உருவுக்கோ மாற்றுவார்கள். குடமுழுக்கில் அது திரும்பும். ஆகவே புனிதம் காரையில் ஒட்டியிருப்பதன்று. அப்படியானால் சிமென்ட் பூசினால் என்ன? சங்ககிரிச் சுண்ணாம்புக்கல்தானே சிமென்ட் ஆலைக்கும் போகிறது? கலவைப்பொருள் இறைமைக்கு இழுக்கு என்றும் சொல்ல முடியாது: திருச்செங்கோட்டு அர்த்தநாரீசுவரர் திருமேனியே வெண்பாஷாணம் என்னும் மருந்துக் கலவையால் ஆனது என்பது தலமரபு. ஆகமம் சிமென்டைத் தடுக்கிறது என்ற வாதமும் வலுவற்றது. அந்நூல்கள் எழுந்த காலத்தில் சிமென்டே கிடையாது.

விடைக்கு அஷ்டபந்தனத்தைப் பார்க்க வேண்டும். மூலவரைப் பீடத்தில் பொருத்தும் இம்மருந்தில் கொம்பரக்கு, சுக்கான்தூள், குங்கிலியம், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் ஆகிய எட்டும் இடித்துச் சேர்க்கப்படுகின்றன. இதற்கு 12 ஆண்டுக் கெடு உண்டு. பிறகு எடுத்துவிட்டுப் புதிதாகச் சாத்த வேண்டும். பிணைப்பு தேயும், பிணைக்கப்பட்டது நிற்கும் என்ற முறை இதில் இருக்கிறது. சுண்ணாம்புச் சாந்தும் அப்படியே. செங்கல்லைவிட மென்மையானது, விரிசலைத் தான் வாங்கிக்கொள்ளும், ஈரத்தை வெளியே விடும். பழைய கோபுரத்தின் செங்கல், சுதை அடுக்குகளின் மேல் கெட்டியான சிமென்ட் பூச்சு ஏறினால் ஈரமும் உப்பும் உள்ளே அடைபடும். பூச்சு நிற்க, செங்கல் அரிபடும். சிமென்டின் மீதுள்ள உண்மையான குறை இதுதான், தீட்டு அன்று.

மரபு முழுவதும் ஒரே குரலில் பேசுவதாகவும் கொள்ள முடியாது. வராகமிகிரர் 6ஆம் நூற்றாண்டில் இயற்றிய பிருகத் சம்ஹிதை வஜ்ரலேபம் என்னும் கெட்டிப் பூச்சுக்கென ஓர் அதிகாரமே ஒதுக்குகிறது; பெயரே வைரத்தின் உறுதியை நாடுகிறது. நிலைத்திருக்கும் ஆசை சிமென்டோடு வந்ததன்று. ஆனால் பழைய கட்டடத்தில் கேட்க வேண்டியது சாந்து எவ்வளவு காலம் நிற்கும் என்பதைவிட, அடுத்த திருப்பணியில் செங்கல்லும் சுதையும் சிதையாமல் அதைப் பெயர்த்தெடுக்க முடியுமா என்பதே. நாமக்கல் நரசிம்மர் குடைவரையில் இக்கேள்விக்கே இடமில்லை. கருவறை பாறையிலேயே குடைந்தது.