ரசீது யார் பெயரில்?

கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கிராமங்களில் மாரியம்மன் பண்டிகைக்கு நாள் குறித்ததும் முதலில் பேசப்படுவது வரி. ஊர்க்கவுண்டர், மந்திரிக்கவுண்டர், நாலு பெரியவர்கள் கோயில் முன்னால் உட்கார்ந்து மேளத்துக்கு இவ்வளவு, சீரியல் செட்டுக்கு இவ்வளவு, தெருக்கூத்துக்கு இவ்வளவு என்று கூட்டிப் பார்ப்பார்கள். வந்த தொகையைத் தலைக்கட்டுக்கு இத்தனை ரூபாய் என்று பிரிப்பார்கள். கோல்காரர் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வருவார். கல்யாணமான ஆண் ஒரு தலைக்கட்டு. அண்ணனும் தம்பியும் ஒரே அடுப்பில் சாப்பிட்டாலும் இரண்டு வரிதான். புருஷன் இல்லாத பெண்ணுக்குச் சில ஊர்களில் அரை வரி, சில ஊர்களில் வரியே கிடையாது. பார்ப்பதற்கு இரக்கம் போலத் தெரியும். ஆனால் வசூல் நோட்டில் அவள் பெயர் வராது. மகனுக்குக் கல்யாணமானால் அவன் பெயர் ஏறும். மாவிளக்குக்கு மாவு இடிப்பது, கூழ் காய்ச்சுவது, பொங்கல் வைப்பது, விரதம் இருப்பது எல்லாம் அவள்தான். ரசீது மட்டும் வேறு பெயரில்.

வரி இல்லாவிட்டால் பணம் மிச்சம்தானே என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். ஊருக்குள் இருப்பவர் கேட்க மாட்டார். ஊர்ப் பஞ்சாயத்துகள் விதிக்கும் தண்டனைகளில் கடுமையானது, ஒரு வீட்டிடம் வரி வாங்க மறுப்பது. சாதி மாறிக் கல்யாணம் செய்தவர்கள், ஊர்ப் பெரியவர்களை எதிர்த்துப் பேசியவர்கள் இதற்கு ஆளாகியிருக்கிறார்கள். அப்படி ஒதுக்கப்பட்ட குடும்பங்கள் கலெக்டர் ஆபீஸ் குறைதீர்க்கும் நாளுக்கு மனுவோடு வருவதும், கோர்ட்டுக்குப் போவதும் தமிழ்நாட்டில் அடிக்கடி செய்தியாகின்றன. மனுவின் சாரம் ஒன்றுதான்: எங்களிடமும் வரி வாங்குங்கள். உலகத்தில் வரி கட்டாமல் தப்பிக்க வழி தேடுவோர் ஏராளம். வரி கட்டும் உரிமைக்காக வழக்காடுவோர் இங்கே இருக்கிறார்கள்.

கட்டணம் என்பது வெறும் பணவிஷயம் அல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். யாரிடம் வாங்குகிறோமோ அவர் நம்மவர். சாமிக்கு முன்னால் ஒருவர் கணக்கில் வருகிறாரா இல்லையா என்பதை அந்த நோட்டுத்தான் சொல்கிறது. அப்படியென்றால் பெண்கள் தாங்களே கூடி, தாங்களே கட்டணம் வைக்கிற இடத்தில் இந்தக் கணக்கு எப்படி மாறுகிறது?

அதற்கு விடை தேட ஓசூர்ப் பக்கத்தைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை. 1989இல், கிருஷ்ணகிரியும் ஓசூரும் தர்மபுரி மாவட்டத்துக்குள் இருந்த காலத்தில், ஐ.நா.வின் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் மகளிர் சுயஉதவிக் குழுக்களைத் தொடங்கியது இங்கேதான். பிறகுதான் சேலம், தென்னார்க்காடு, மதுரை, ராமநாதபுரம் என்று பரவியது. 1997இல் தொடங்கிய மகளிர் திட்டத்தின் வழியாகப் படிப்படியாக மாநிலம் முழுவதற்கும் போனது. தொடங்கிய மாவட்டம் எது என்பதை மறக்கக் கூடாது. பெண் சிசுக்கொலைக்குப் பேர்போன மாவட்டம் அது. 2001இல் தொட்டில் குழந்தைத் திட்டம் நீட்டிக்கப்பட்ட மாவட்டங்களில் அதுவும் ஒன்று. பிறந்த பெண்ணை எண்ணிக்கையில் சேர்க்கத் தயங்கிய மண்ணில், பன்னிரண்டு முதல் இருபது பெண்களின் பெயரை வரிசையாக ஒரு நோட்டில் எழுதினார்கள்.

அதே 1989 மார்ச் 25 முதல் பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப்போலச் சமபங்கு என்று தமிழ்நாடு சட்டத் திருத்தம் சொன்னது. அதற்கு முன்பே கல்யாணமான பெண்களுக்கு அது பொருந்தவில்லை. நிலத்தில் பங்கு வந்தும் குலதெய்வக் கோயில் வரி நோட்டில் மகள் பங்காளி ஆகவில்லை. இன்றைக்கும் பெரும்பாலான குலதெய்வக் கோயில்களில் பிறந்த வீட்டு வரி அண்ணன் தம்பிக்குத்தான்.

குழு என்ற யோசனையே பணத்தில் பிறந்தது அல்ல. ஓசூரைத் தாண்டினால் வரும் கோலார் மாவட்டத்தில் மைராடா என்ற தொண்டு நிறுவனம் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தது. 1984, 85 வாக்கில் சில பெரிய சங்கங்கள் உடைந்தன. தலைவர்கள்மேல் உறுப்பினர்களுக்கு நம்பிக்கை போய்விட்டது. ஆனால் கடனை ஏமாற்ற அவர்கள் நினைக்கவில்லை. சங்கத்திடம் கட்ட மாட்டோம், உங்களிடமே கட்டுகிறோம் என்று சிறுசிறு கூட்டமாக வந்து நின்றார்கள். எங்களிடம் வேண்டாம், உங்களுக்குள்ளேயே வைத்துச் சுழற்றுங்கள் என்றது மைராடா. ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கைதான் அந்தக் கூட்டங்களைச் சேர்த்தது என்று, அப்போது நிறுவனத்தை நடத்திய அலோசியஸ் ஃபெர்னாண்டஸ் பின்னாளில் திரும்பத் திரும்ப எழுதினார். 1992இல் நபார்டு வங்கி 500 குழுக்களோடு வங்கி இணைப்புச் சோதனையைத் தொடங்கியபோது இந்த அனுபவம்தான் பின்புலம்.

கெலமங்கலம், தளி, அஞ்செட்டிப் பக்கத்தில் ஒரு குழுக் கூட்டம் நடக்கும் விதத்தைப் பார்த்தால் கட்டணத்தின் தத்துவம் தரையில் உட்கார்ந்திருப்பது தெரியும். பாய் விரித்து வட்டமாக உட்காருவார்கள். உறுதிமொழி, சில இடங்களில் ஒரு சாமி பாட்டு. தெலுங்கு, கன்னடம், தமிழ் மூன்றும் கலந்த பேச்சு. குழுவை நடத்தும் ஊக்குநர் பெயர் சொல்லி அழைப்பார். அழைக்கப்பட்டவர் சேமிப்பை நடுவில் வைப்பார். தொடக்க காலத்தில் வாரம் 10 ரூபாய், 20 ரூபாய். பிறகு மாதம் 100, 200. எவ்வளவானாலும் எல்லாருக்கும் ஒன்றே. ஒரு குடும்பத்திலிருந்து ஒருவர்தான். உள்கடனுக்கு வட்டி பெரும்பாலும் நூற்றுக்கு இரண்டு. தீர்மானப் புத்தகத்தில் கையெழுத்து, தெரியாதவர்க்குக் கைநாட்டு. கையெழுத்துக் கற்றுக்கொண்டதே இந்த நோட்டுக்காக என்று சொல்லும் பெண்கள் உண்டு.

இதில் ஒரு நுட்பம் கவனிக்கத் தக்கது. கூட்டத்துக்கு வராமல் மகள் கையில் காசு கொடுத்தனுப்பினால் சேமிப்பு வரவாகும். ஆனால் பல குழுக்களில் அபராதமும் விழும். காசு வந்துவிட்டதே, எதற்கு அபராதம்? ஆள் வரவில்லையே. கோயில் வரியில் பெண்ணின் உழைப்பு போகும், பெயர் போகாது. புரவலர்கள் நடத்தும் மன்றங்களில் பெயர் கல்வெட்டில் இருக்கும், ஆள் இருக்க மாட்டார். குழுவுக்கு இரண்டும் வேண்டும்.

பெண்கள் மன்றம் என்றதும் நகரத்தில் நினைவுக்கு வருவது வேறு வகை. ஆயுள் உறுப்பினர், ஆண்டு உறுப்பினர், கௌரவ உறுப்பினர், புரவலர் என்று விண்ணப்பப் படிவத்திலேயே படிக்கட்டு இருக்கும். ஒவ்வொரு படிக்கும் ஒரு தொகை. இதைவிடச் சங்கடமான கேள்வி, உள்ளே வரும் தகுதி யாருடையது என்பது. 1924 ஜனவரி 10 அன்று மான்செஸ்டரில் மார்கரெட் கோல்டிங் தொடங்கிய இன்னர் வீல் மன்றம் பெண்களே நடத்தியது, நல்ல காரியங்கள் செய்தது. ஆனாலும் நெடுங்காலம் ரோட்டரி சங்க உறுப்பினரின் மனைவியோ உறவுப் பெண்ணோதான் அதில் சேரலாம். பிறகுதான் அந்த விதி தளர்ந்தது. ரோட்டரியே பெண்களை நேரடியாகச் சேர்க்க உலக அளவில் ஒப்புக்கொண்டது 1989இல், அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று 1987இல் வந்த பிறகு. தளியில் கூலி வேலை செய்யும் பெண் ஒருத்தி தன் பெயரில் சந்தா கட்டத் தொடங்கியதும், லட்சாதிபதி வீட்டுப் பெண்ணுக்கு ரோட்டரிக் கதவு திறந்ததும் ஏறக்குறைய ஒரே சமயம்.

கட்டணமே இல்லாத இடம் சமமாக இருக்குமா என்றால், மதங்களின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. புத்தரின் சித்தி மகாபிரஜாபதி கோதமி கேட்டுக் கிடைத்த பிக்குணி சங்கத்தில் சேரக் காசு வேண்டாம். இருந்ததை விட்டுவிட்டு வந்தால் போதும். உள்ளே கணிகையாக இருந்த அம்பபாலியும் அடிமையாக இருந்த புண்ணிகாவும் அரச குலப் பெண்களும் ஒன்றாக இருந்தார்கள்; துறவு பூண்ட ஆண்டுக் கணக்குத்தான் மூப்பு, பிறப்பு அல்ல. ஆனால் வாசலில் எட்டு விதிகள் இருந்தன. நூறாண்டு துறவியாக வாழ்ந்த பிக்குணியும் அன்றைக்குத் துறவு பூண்ட பிக்குவை எழுந்து வணங்க வேண்டும் என்பது முதல் விதி. காசாக வாங்காததை மரியாதையாக வாங்கிக்கொண்டார்கள்.

இஸ்லாம் வேறு வழியில் போனது. ஜகாத் என்ற கட்டாயக் கொடை ஆளுக்குரிய கடமை, வீட்டுக்குரியது அல்ல. அளவுக்கு மேல் சொத்து இருந்தால் பெண் தன் சொத்துக்குத் தானே நூற்றுக்கு இரண்டரை கொடுக்க வேண்டும். ஹனஃபி மரபில் அணிகிற நகைக்கும் உண்டு. அல்லாஹ்வின் கணக்கில் அவள் தனி வரவு. பள்ளிவாசல் ஜமாஅத்தின் மாதச் சந்தாவோ பெரும்பாலும் குடும்பத்துக்கு ஒன்று, குடும்பத் தலைவர் பெயரில். பெண்களின் வழக்குகளை ஆண்கள் மட்டுமே விசாரித்த ஜமாஅத்துகளைக் கேள்வி கேட்டுத்தான் புதுக்கோட்டையில் ஷரிஃபா கானம் பெண்களுக்கென்று தனி ஜமாஅத் தொடங்கினார். வேதம் கொடுத்த இடத்தை ஊர் நோட்டு கொடுக்கவில்லை என்ற புகார் மாரியம்மன் கோயில் தெருவுக்கும் பள்ளிவாசல் தெருவுக்கும் பொதுவானது.

சமமாகக் கட்டுவதா, இயன்றதைக் கட்டுவதா என்ற கேள்விக்கு விவிலியத்தில் இரண்டு சின்னக் காசு போட்ட விதவையின் கதை பதில் சொல்லும்: அவள் போட்டதுதான் எல்லாரையும்விட அதிகம். ஆனால் இந்தக் கர்நாடக எல்லைப்புறத்துக்கு அதைவிட நெருக்கமான கதை ஒன்று இருக்கிறது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் கன்னடம் பேசும் லிங்காயத்துக் குடும்பங்களுக்குத் தெரிந்த கதை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் பசவண்ணர் காலத்தில், கல்யாணம் என்ற நகரத்தில் மாரய்யா என்பவர் தரையில் சிந்திய அரிசியைப் பொறுக்கி வந்து அடியாருக்கு அமுது படைத்து வாழ்ந்தார். ஒருநாள் வழக்கத்தைவிட அதிகமாகக் கொண்டுவந்தார். மனைவி லக்கம்மா பார்த்துவிட்டுக் கோபித்தாள். நமக்கு எதற்கு இந்த ஆசை, அதிகப்படியானதை எடுத்த இடத்திலேயே போட்டுவிட்டு வா என்று திருப்பி அனுப்பினாள்.

குறைவாகக் கொடுப்பதைக் குற்றமாகச் சொல்லும் சமய மரபுகள் உண்டு. அதிகமாகக் கொண்டுவந்ததைக் குற்றம் என்று சொன்ன லக்கம்மாவின் பார்வை அபூர்வமானது. புரவலர் என்ற படி ஏன் ஆபத்து என்பதை அவள் சொன்ன அளவு எந்தச் சங்க விதிப்புத்தகமும் சொல்லவில்லை. ஒருவர் பத்து மடங்கு கொடுத்தால் அடுத்த கூட்டத்தில் அவர் பேச்சை யாரும் மறுக்க மாட்டார்கள். நல்ல மனசோடு கொடுத்திருந்தால் இன்னும் மோசம், மறுக்கவே மனசு வராது. ஒரே தொகை என்ற குழு விதி, இந்த வகையில், வறுமைக்கு மட்டுமல்ல தாராளத்துக்கும் போட்ட கடிவாளம்.

ஆனால் அந்த விதிக்கு இருட்டான பக்கமும் உண்டு. எல்லாருக்கும் ஒரே தொகை என்றால், அந்தத் தொகை முடியாதவள் வெளியே. கூலி கிடைக்காத வாரங்களில் சேமிப்புக் கட்ட முடியாமல் வெட்கப்பட்டு நின்றுபோனவர்களும், இவள் கடனைத் திருப்ப மாட்டாள் என்று முதலிலேயே சேர்க்கப்படாதவர்களும் எந்த ஊரிலும் இருக்கிறார்கள். வயதானவர், மாற்றுத்திறனாளி, தனித்து வாழும் பெண் ஆகியோரே இதில் அதிகம். 2005இல் உலக வங்கி உதவியோடு வந்த புதுவாழ்வுத் திட்டம், ஊர் மக்களையே உட்காரவைத்து யார் மிக ஏழை என்று அடையாளம் காணச் சொன்னதும், விடுபட்டவர்களுக்குக் குழு அமைத்ததும் இதனால்தான். மாற்றுத்திறனாளிகள் ஐந்து பேர் சேர்ந்தாலே குழு என்ற தளர்வும் பிறகு வந்தது. தொகையைக் குறைப்பதைவிட, இந்த வாரம் இவளுக்கு விலக்கு என்று வட்டத்தில் வெளிப்படையாக முடிவெடுப்பது நியாயம். சலுகை கேட்டு ஒருவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டியதில்லை.

சந்தா எங்கே போய் முடியலாம் என்பதற்கும் ஓசூரில் ஓர் உதாரணம் உண்டு. 1990களில் மைராடாவும் டைட்டன் நிறுவனமும் சேர்ந்து, குழுக்களிலிருந்த கிராமத்துப் பெண்களுக்குக் கைக்கடிகாரச் சங்கிலி கோக்கும் வேலையைக் கற்றுக்கொடுத்தன. மெடோ என்ற பெயரில் அது கம்பெனியானபோது வேலை செய்யும் பெண்களே பங்குதாரர் ஆனார்கள். வாரச் சேமிப்பில் தொடங்கிய உறுப்பினர் உரிமை பங்குப் பத்திரத்தில் ஏறியது.

இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டம் வேறு மாதிரி. போச்சம்பள்ளி ஓலா ஸ்கூட்டர் ஆலையில் பத்தாயிரம் பெண்கள் வேலை செய்வார்கள் என்று 2021இல் அந்த நிறுவனம் அறிவித்தது. ஓசூரை அடுத்த டாட்டா எலெக்ட்ரானிக்ஸ் ஆலைக்குத் தமிழ்நாட்டின் மற்ற மாவட்டங்களிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் இளம்பெண்கள் வந்து ஹாஸ்டலில் தங்கி ஷிப்ட் பார்க்கிறார்கள். தங்களுக்கென்று பேங்க் அக்கவுண்ட், பி.எஃப்., சம்பளச் சீட்டு எல்லாம் அவர்கள் பெயரில்தான். ஆனால் சொந்த ஊர்க் கோயில் நோட்டில் அவர்களுக்குப் பெயர் இல்லை. கல்யாணமாகாத பெண் எந்தத் தலைக்கட்டும் அல்ல. ஹாஸ்டல் இருக்கும் ஊரின் பண்டிகை வரி அவர்களைக் கேட்காது. மகளிர் குழுவிலும் சேர முடியாது. ஒரே ஊரில் குடியிருக்க வேண்டும், குடும்பத்துக்கு ஒருவர் என்பவை அதன் விதிகள். வீட்டில் அம்மா ஏற்கெனவே உறுப்பினராக இருப்பார். 1989இல் கூலிப் பெண்ணை மனதில் வைத்து எழுதிய விதிகள் இவை. குடியிருப்பு என்பதற்குப் பதில் ஒரே ஹாஸ்டல், ஒரே ஷிப்ட் என்று மாற்றினால் என்ன ஆகும் என்பதை மகளிர் திட்ட அலுவலகம் ஒரு ஹாஸ்டலிலாவது சோதித்துப் பார்க்கலாம். இருபது வயதுப் பெண் அங்கே மாதம் 200 ரூபாய் கட்டினால், அம்மா பெயரிலோ அப்பா பெயரிலோ இல்லாமல், அவள் பெயரில் ஒரு குழுப் பாஸ் புத்தகம் வரும்.