கூவாகத்துப் படங்கள்

உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே, கூவாகம் கூத்தாண்டவர் கோவிலில் சித்திரைத் திருவிழா முடிந்ததும் வெளியாகும் புகைப்படங்களில் ஒன்று அநேகமாகத் தவறுவதில்லை: வெள்ளைப் புடவை, கோணிய வாயுடன் அழும் ஒரு திருநங்கையின் முகம். தொழில்நுட்ப ரீதியாகக் குறை சொல்ல முடியாத படங்கள் பல. அந்த முகத்தை எடுக்க யாருக்கு என்ன உரிமை என்பதுதான் என் கேள்வி.

அது பொது இடம் என்பது வழக்கமான பதில். நெரிசலில் ஒவ்வொருவரிடமும் அனுமதி கேட்க முடியாது என்பதும் உண்மையே. கேட்டு முடிப்பதற்குள் முகம் மாறிவிடும். பின்னாலிருப்பவர்கள் நம்மை நகர்த்தியிருப்பார்கள். ஆனால் படமெடுப்பவன் செய்யும் முதல் காரியமே அந்த முகத்தைக் கூட்டத்திலிருந்து பிய்த்தெடுப்பது. பிய்த்தெடுத்த பிறகு கூட்டத்தைச் சாட்சிக்கு அழைப்பது எப்படி நியாயம்?

அரவானை மணந்து முதல் நாள் இரவு தாலி கட்டிக்கொள்கிறார்கள். கற்பூரம் கொளுத்திக் கும்மியடிக்கிறார்கள். மறுநாள் தேரோட்டத்துக்குப் பின் அரவான் களப்பலியாக, தாலி அறுபடுகிறது, வளையல்கள் உடைபடுகின்றன, ஒப்பாரி எழுகிறது. அரவானுக்காக அழுகிறவர் தன் தாய்க்கும், விட்டுவந்த வீட்டுக்கும் சேர்த்து அழலாம்; சடங்குக்குக் குரல் மட்டும் கொடுக்கலாம். எது எது என்று வெளியே தெரியாதிருக்க ஒப்பாரி இடம் தருகிறது. அதன் கருணை அதுதான் என்று தோன்றுகிறது. ஒற்றை முகமாக வெட்டியதும் அந்த மறைவு போய்விடுகிறது. அழுகை தனியொருவரின் துயரத்துக்கு அத்தாட்சியாகிறது. வேறு ஊரில் வேறு பெயரில் வாழ்கிறவரின் முகம் பழைய வீட்டுக்குப் போய்ச் சேர்கிறது. வேண்டுதலுக்காகத் தாலி கட்டிக்கொள்ளும் சுற்றுவட்டார ஆண்களும் அங்கு உண்டு. நான் பார்த்த படங்களில் அவர்கள் அநேகமாக இல்லை.

முதல் நாள் அவர்களே அலங்கரித்துக்கொண்டு காமிராவுக்கு நிற்கிறார்களே என்பார்கள். நிற்கிறார்கள், சந்தோஷமாகவே. (ஒரு காசோலையில் போட்ட கையெழுத்து அடுத்த காசோலைக்குச் செல்லாது என்பது வங்கியில் எங்களுக்குப் பாலபாடம்.)

ஸூஸன் ஸொண்டாக், புகைப்படம் பற்றிய தம் 1977ஆம் வருஷத்து நூலில், படமெடுப்பதையே ஒரு அபகரிப்பாகப் பார்த்தார். அதை முழுக்க ஏற்க எனக்குத் தயக்கம். எல்லாப் படமும் அபகரிப்பு என்றால் ஒரு படத்துக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம் சொல்ல முடியாமல் போகும். வித்தியாசம் லென்ஸிலேயே தொடங்குகிறது. 200 மில்லிமீட்டர் டெலி லென்ஸ்காரன் தூரத்தில் நின்று, எடுக்கப்படுகிறவருக்குத் தெரியாமலே எடுத்துவிடுகிறான். அந்த லென்ஸ் கூட்டத்தை மேலும் நெருக்கிக் காட்டும். அவனோ நெரிசலுக்கு வெளியே இருக்கிறான். 28 மில்லிமீட்டர்காரன் கைநீட்டும் தூரத்துக்குப் போயாக வேண்டும். அவனைப் பார்க்க முடியும். முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், வையலாம், லென்ஸைக் கையால் மறைக்கலாம். அப்படி மறைத்த கையோடு வந்த படம் எதையும் அச்சில் நான் பார்த்ததில்லை.