தன்வேதனைக் காட்சியும் மருத்துவரின் கண்ணும்

ஒருவர் தம்மைப் பெண் என்றோ ஆண் என்றோ அறிவது எவ்வகை அறிவு, அதற்குச் சாட்சி சொல்லத் தக்கவர் யார் என்னும் கேள்வி, பாலின மாற்ற மருத்துவத்தை நாடும் திருநங்கையர், திருநம்பியர் வாழ்வில் வெறும் தத்துவக் கேள்வியாக நிற்பதில்லை. புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின், அதாவது பிரெஞ்சு ஆட்சி விட்டுச்சென்ற உள்ளாட்சிப் பிரிவுகளின், சிற்றூர்களிலிருந்து பேருந்து மாறி நகரத்துப் பெரிய மருத்துவமனைக்கு வரும் திருநங்கைக்கு அது ஓ.பி. சீட்டு வாங்கிய சற்று நேரத்திலேயே எழுந்துவிடுகிறது: ஆதார் அட்டையிலுள்ள ஆண்பெயர் உரக்கக் கூப்பிடப்பட, புடவை கட்டியவர் எழுந்து நடக்க, வரிசை முழுதும் திரும்பிப் பார்க்கிறது. மனநல மருத்துவரின் சான்று கிடைத்த பின்னரே ஹார்மோன் சிகிச்சை தொடங்கும் என்பது பொதுவான நடைமுறையாதலால், தாம் இன்னார் என்பதைப் பிறர் நம்பும்படி மெய்ப்பிக்கும் சுமையும் அவர் தலையிலேயே விழுகிறது.

இந்த அறிவு எவ்வகையது என்று தேட ஒரு பழைய நூல் துணைசெய்கிறது. பண்ருட்டியை அடுத்த திருத்துறையூரோடு தொடர்புடைய அருணந்தி சிவாசாரியார் 13ஆம் நூற்றாண்டில் இயற்றிய சைவ சித்தாந்த நூலாகிய சிவஞான சித்தியார், அறிவு பிறக்கும் வழிகளாகிய அளவைகளை ஆராயுமிடத்தில், நேரடி அறிவாகிய காட்சியை நான்காகப் பகுக்கிறது. பொறிகளால் பெறுவது இந்திரியக் காட்சி, மனத்தால் பெறுவது மானதக் காட்சி, யோகியர் பெறுவது யோகக் காட்சி, உயிர் தன் இன்ப துன்பங்களைத் தானே நேராக உணர்வது தன்வேதனைக் காட்சி. உடலுக்கும் உள்ளத்துக்கும் இடையே ஒருவர் உணரும் பிளவின் வேதனை இந்த நான்காம் வகையில்தான் அடங்கும் எனக் கொள்வது பொருந்தும். வயிற்று வலிக்காரரிடம் வலிப்பதற்குச் சாட்சி எங்கே என்று எவரும் கேட்பதில்லை, காரணத்தைத்தான் தேடுகிறார்கள். ஐயமும் திரிபும் அறிவில் கலக்கும் என்பதையும் சித்தாந்தம் ஒப்புவதால், வேதனையின் காரணத்தைப் பொறுமையாகக் கேட்டு ஆராய மருத்துவருக்கு இடமுண்டு. வேதனை உண்டா இல்லையா என்று தீர்ப்பளிக்க இடமில்லை.

இறைவன் தந்த உடலை மாற்றலாமா என்னும் தடை இதனினும் வலியது. வில்லியனூரில் திருக்காமீசுவரர் கோயிலும் லூர்து அன்னை திருத்தலமும் இருக்க, இரு சமயங்களிலும் இத்தடை எழக்கூடும். 2024 ஏப்ரலில் வத்திக்கான் வெளியிட்ட ‘டிக்னிடாஸ் இன்ஃபினிடா’ என்னும் ஆவணம், பாலின மாற்றச் சிகிச்சை கருவிலேயே மனிதர் பெற்ற மாண்புக்கு ஊறு செய்யும் அபாயமுடையது என்கிறது. ஈரானின் இஸ்லாமியத் தலைவர் கொமேனியோ 1980களிலேயே மார்க்கத் தீர்ப்பின்வழி அதை அனுமதித்தார். சைவ சித்தாந்தத்தில் தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும், அதாவது உடல், உட்கருவிகள், உலகம், நுகர்பொருள் ஆகியவை, மலம் என்னும் அழுக்கில் கட்டுண்ட உயிர் தேறுவதற்காகவே மாயையிலிருந்து ஆக்கித் தரப்படுகின்றன. உயிரின் பொருட்டு வந்ததே உடலாயின், உயிரை வதைக்கும் உடலைச் சீர்செய்வது தந்தவனின் நோக்கத்துக்கு மாறாகாது. வினைப்பயன் என்று சொல்லி விலக்குவோரும் தம் காய்ச்சலுக்கு மருந்து உண்ணத் தயங்குவதில்லை.

மருத்துவம் கதவடைத்திருந்த காலத்தில் இம்மாற்றத்துக்குப் பொருள் தந்தது சமயமே. கூவாகத்திலும் புதுச்சேரியின் பிள்ளையார்குப்பத்திலும் கூத்தாண்டவராகிய அரவானுக்குத் தாலி கட்டிக்கொள்ளும் திருநங்கையர், தம் ஜமாத்துக்குள், அதாவது குருவும் சேலா எனப்படும் சீடருமாக அமைந்த உறவுக் குழுவுக்குள், ஆணுறுப்பை நீக்கும் சடங்கை நிர்வாணம் என்று அழைத்து, 40 நாள் தனித்திருந்து பால் ஊற்றி நிறைவு செய்தனர். அச்சடங்கு தந்த மதிப்பு மெய்யானது. மயக்க மருந்தின்றித் தாயம்மா எனப்படும் மூத்த திருநங்கையின் கத்தியில் சிந்திய குருதியும், அதில் நேர்ந்த சாவுகளும், பின்னர் சிறுநீர்த் தாரை சுருங்கிப்போன துன்பமும் அதே அளவு மெய்யானவை. இறந்தோரை மறந்துவிட்டுச் சடங்கைப் போற்றுவது நேர்மையாகாது.

2014 ஏப்ரல் 15 அன்று நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) வழக்கில் உச்ச நீதிமன்றம், தம் பாலினத்தைத் தாமே உரைக்கும் உரிமையை ஏற்று, அதற்கு அறுவையை வற்புறுத்துவது சட்டவிரோதம் என்றது, தன்வேதனைக் காட்சிக்குச் சட்டம் தந்த இடம் எனலாம். 2019ஆம் ஆண்டுத் திருநர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு ஹார்மோன் சிகிச்சையையும் அறுவையையும் ஆலோசனையையும் வழங்குவதை அரசின் பொறுப்பாக்கியது. ஆயினும் அலைச்சலுக்கும் அவமதிப்புக்கும் அஞ்சுவோர் மருந்துக் கடையில் கருத்தடை மாத்திரைகளை வாங்கித் தாமே அளவு கூட்டி உண்பது தமிழகத்திலும் புதுச்சேரியிலும் தொடர்கிறது. அவற்றிலுள்ள எத்தினைல் எஸ்ட்ராடையால் என்னும் ஹார்மோன் இரத்தக் குழாய்களில் உறைகட்டியை உண்டாக்கக் கூடியது. மருத்துவரின் கண் தேட வேண்டியது அந்த உறைகட்டியையும் கல்லீரலின் நிலையையும்தான். அதற்கான இரத்தப் பரிசோதனையைப் பாகூரிலேயே, சொந்தப் பெயர் சொல்லி அழைத்துச் செய்ய முடியும்.