நிலாவுக்கு ஓட்டுப் போட்ட அப்பா

"உங்க கெடாக்காரனுங்களுக்கு என்னதான்டா ஆச்சு?"

2023 ஆகஸ்டில் ஆறு மாநிலத் தேர்தல் முடிந்த மறுவாரம், ஷா ஆலாமில் மதியச் சாப்பாட்டு மேசையில் நண்பன் கேட்டான். கெடாவின் 36 சட்டமன்றத் தொகுதிகளில் 33ஐ பெரிக்காத்தான் நேஷனல் வென்றிருந்தது. பச்சை அலை, மதவெறி, படிக்காத சனம் என்று அவனே பதிலும் சொல்லிக்கொண்டான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இத்தனைக்கும் ராத்திரியோடு ராத்திரியாகச் சுங்கைப்பட்டாணிக்குக் காரோட்டிப் போய் அவர்களுக்கு எதிராக ஓட்டுப் போட்டவன் நான். பிறகு யாருக்காகக் கோபப்பட்டேன்?

அன்றைக்கு எண்களைத்தான் எடுத்து நீட்டினேன். பொறியாளன் புத்தி. இதே 36 தொகுதிகளில் 2018ல் பக்காத்தான் ஹராப்பானுக்கு 18, பாஸ் கட்சிக்கு 15, பாரிசானுக்கு 3. 2008, 2013, 2018 என்று அடுத்தடுத்த மூன்று தேர்தல்களிலும் ஆட்சியை மாற்றிய மாநிலம் அது. ஒவ்வொரு முறையும் வேறு அளவு காட்டும் மீட்டரைப் பார்த்து, 'இதன் குணமே இதுதான்' என்று யாராவது ரிப்போர்ட் எழுதுவார்களா?

வரலாற்றையும் சொன்னேன். 1974ல் ரப்பர் விலை சரிந்தபோது பாலிங்கில் பசியோடு தெருவுக்கு வந்தவர்கள் மலாய்க்காரச் சிறுதோட்டக்காரர்கள். 1980ல் நெல்லுக்கான உதவித்தொகையைக் காசாகத் தராமல் கூப்பனாகத் தந்ததை எதிர்த்து அலோர் ஸ்டாரில் விவசாயிகள் திரண்டார்கள். நாட்டுக்கே சோறு போடும் மூடா வயல்கள் எங்களுடையவை. மூடா ஆற்றுத் தண்ணீரைப் பினாங்கும்தான் குடிக்கிறது. வேலை தேடி அந்த ஆற்றைத் தாண்டிப் போவது மட்டும் நாங்கள். இந்த மனக்குறை எந்தக் கட்சியும் ஊட்டாமலே எங்கள் ஊரில் வளரும்.

நண்பன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அதுக்காக?" என்றான்.

அந்த ஒரு சொல்லுக்கு என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்குப் போகும் வழியில் அப்பாவின் ஞாபகம் வந்தது.

2008 மார்ச்சில் அப்பா நிலாச் சின்னத்துக்கு ஓட்டுப் போட்டார். பாஸ் கட்சியின் நிலா. நெற்றித் திருநீறு கலையாமல் வரிசையில் நின்று போட்டார். முந்தைய நவம்பரில் ஹிண்ட்ராப் பேரணிக்குப் போய்க் கண்ணீர்ப்புகை வாங்கிவிட்டு வந்தவர். "பாரிசானுக்குப் பாடம் புகட்டணும், அவ்ளோதான்" என்றார். எனக்கு அப்போது 12 வயது. அப்பாவை யாரும் மதவாதி என்று சொல்லவில்லை. அவர் ஓட்டில் நாங்கள் கோபத்தைப் பார்த்தோம். அதே கட்சிக்குப் பக்கத்து வீட்டுப் பாக் சிக் ஓட்டுப் போட்டால் மட்டும் அதில் ஏன் அவர் குணத்தைப் பார்க்கிறோம்?

என் மாநிலத்துக்காக நான் கேட்கும் நியாயம் இவ்வளவுதான். அப்பாவுக்கு ஒரு காரணம் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறவர்கள், பாக் சிக்குக்கும் ஒன்று இருக்கும் என்று ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஆனால் காரணம் இருப்பதாலேயே கணக்கு தீர்ந்துவிடாது. 2021ல் பெருந்தொற்றைக் காட்டி மாநில அரசு தைப்பூச விடுமுறையை ரத்து செய்தது. அம்மா அன்று ஃபேக்டரிக்குப் போனார். சாயங்காலம் பாக் சிக் வழக்கம்போல வேலிக்கு மேலே பலகாரத்தை நீட்டினார். அம்மா வாங்கிக்கொண்டார். விடுமுறையைப் பற்றி இருவரும் பேசவில்லை.

அப்பாவின் ஓட்டுக்கும் பில் வந்தது. அவர் கொண்டுவந்த ஆட்சியில்தான் 2009ல் அலோர் ஸ்டாரின் பன்றி அறுப்புக்கூடம் இடிக்கப்பட்டது. கூட்டணியை விட்டே விலகுவதாக ஜசெக அறிவிக்கும் அளவுக்கு அது போனது. எங்கள் வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதாக ஞாபகம் இல்லை. மாதச் சாமான் வாங்கியதெல்லாம் சீனர் கடையில்தான். அவரிடமும் அப்பா எதுவும் கேட்கவில்லை.

கோபத்தில் போடும் ஓட்டுக்குப் பெரும்பாலும் பக்கத்து வீடுதான் காசு கட்டுகிறது. இதை யோசிக்க யோசிக்க, நண்பனிடம் நான் செய்த வாதம் பாதி வேலைதான் என்று பட்டது. ஷா ஆலாமில் பாக் சிக்குக்காக வாதாடுவதில் எனக்கு ஒரு நட்டமும் இல்லை. அவரிடமே அம்மாவுக்காகப் பேசினால் பலகாரம் நின்றுபோகலாம். அதனால்தான் அதை இத்தனை வருஷம் தள்ளிப்போட்டிருக்கிறேன்.

போன மாதம் ஊருக்குப் போனபோது வேலியோரம் நின்று, "பிலா ஹாங் பாலேக்?" என்றார். நீ எப்போ வந்தே என்று அர்த்தம். ஷா ஆலாமில் யாரும் என்னை 'ஹாங்' என்று கூப்பிடுவதில்லை. அந்தச் சொல்லைக் கேட்ட தைரியத்தில் தைப்பூச விஷயத்தை ஆரம்பித்தேன். அம்மா அன்று வேலைக்குப் போனதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "அது அரசாங்கம் செஞ்சது, நான் செய்யலையே" என்றார்.

அப்பாவும் இதையேதான் சொல்லியிருப்பார்.

நான் உடனே உள்ளே போய்விடவில்லை. தண்ணீர், நெல் விலை, கோயில் என்று பேச்சு மக்ரிப் வரைக்கும் நீண்டது. யாரும் யாரையும் மாற்றவில்லை. அடுத்த தேர்தலில் அவர் யாருக்குப் போடுவார் என்று எனக்குத் தெரியாது. போடும்போது அம்மாவின் ஞாபகம் ஒரு நிமிஷம் வந்தால் போதும். எனக்கும் ஓட்டுப் போடும்போது அவர் ஞாபகம் வரவேண்டும்.