யாரிடம் சொல்ல வேண்டும்?

தாளின் மேல்பகுதியில் ஒன்பது குறிகள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 9 வரை ஓர் எண். அதற்குக் கீழே அதே குறிகள் மாற்றி மாற்றி, எண் இல்லாமல், வரிசை வரிசையாக. 90 வினாடிக்குள் எத்தனை குறிகளுக்குச் சரியான எண்ணைச் சொல்கிறோம் என்பதுதான் பரீட்சை. சின்னப் பிள்ளைகூட விளையாட்டாகச் செய்துவிடும். நான் மேலே பார்த்து எண்ணை எடுத்துக்கொண்டு கீழே வருவதற்குள் அது கை நழுவிப் போயிருக்கும். திரும்ப மேலே போவேன். ஸ்டாப்வாட்ச் நின்றதும் டாக்டர் எண்ணிப் பார்த்தார். "சொன்னதுல ஒண்ணுகூடத் தப்பில்லம்மா. லேட்டாகுது, அவ்ளோதான்."

ஆறுதலாகத்தான் சொன்னார். ஆனால் என் வேலையில் அந்த "அவ்ளோதான்" சின்ன விஷயமில்லை. ஒரு ஷிஃப்டில் இத்தனை மருத்துவக் காப்பீட்டு க்ளெய்ம்களை முடிக்க வேண்டும் என்று கணக்கு வைத்து, அதைத் திரையின் ஓரத்தில் சிவப்பிலும் பச்சையிலும் காட்டிக்கொண்டே இருக்கும் அலுவலகம் எங்களுடையது.

எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். உடலின் எதிர்ப்பு சக்தியே மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு ஆகியவற்றில் நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் உறையை அரித்துவிடும். உறை போன இடத்தில் செய்தி மெதுவாகப் போகும், சில சமயம் போகாமலே நின்றுவிடும். பெரும்பாலும் இருபதுகளிலும் முப்பதுகளிலும் வருகிறது. அதாவது வேலையில் கால் ஊன்றுகிற வயதில். எனக்கு இடது கண் மங்கலில் ஆரம்பித்தது. அது சரியாகிவிட்டது. நடக்கிறேன், படி ஏறுகிறேன், பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. வெயில் ஏறினாலோ ஏசி நின்றாலோ மட்டும் எல்லாம் இன்னும் மந்தமாகும். சென்னையில் இருந்துகொண்டு இதை என்ன செய்வது?

இந்த நோயை 1868இல் விரிவாக விவரித்த ஷார்கோ, நோயாளிகளின் நினைவு தளர்வதையும் எண்ணங்கள் மெதுவாக உருவாவதையும் அப்போதே குறித்திருக்கிறார். பிறகு வந்த மருத்துவம் அதைப் பல காலம் ஓரமாக வைத்துவிட்டு கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்றும் பரவலாகப் பயன்படும், கர்ட்ஸ்கி 1983இல் வெளியிட்ட அளவுகோலில் பாதிக்கு மேல் போனால் மதிப்பெண்ணைப் பெரும்பாலும் தீர்மானிப்பது நடைதான். 1991இல் ஸ்டீபன் ராவும் சகாக்களும் நூறு நோயாளிகளைச் சோதித்து இரண்டாகப் பிரித்தார்கள்: சிந்தனைத் திறன் பாதிக்கப்பட்டவர்கள், பாதிக்கப்படாதவர்கள். இரு தரப்புக்கும் உடல் பாதிப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் முதல் தரப்பில் வேலையில் இருந்தவர்கள் குறைவு. அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஆகவே ஆபீஸில் சொல்லவில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, இந்த நோயைப் பெயர் சொல்லியே பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் வேலைக்குச் சேர்ந்த பிறகு ஊனம் ஏற்பட்டவரை நீக்கக் கூடாது, அதே சம்பளத்தில் வேறு பணிக்கு மாற்ற வேண்டும் என்கிற பிரிவு அரசு நிறுவனங்களுக்குத்தான். நான் தனியார். சொன்னால் பரிவாகத்தான் பேசுவார்கள், அடுத்த அப்ரைசலில் அந்தப் பரிவு என்னவாக மாறும் என்று யோசித்தேன். என் மூளையின் எம்ஆர்ஐயைப் பார்க்கும் உரிமை கம்பெனிக்கு இல்லை என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டேன். அந்த வாதம் இப்போதும் சரி என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் எங்கள் வேலையில் மேக்கர், செக்கர் என்று இரண்டு பேர் உண்டு. மேக்கர் க்ளெய்மைப் போடுவார், செக்கர் சரிபார்த்து அனுப்புவார். நான் மேக்கர். என் செக்கர் விழுப்புரம் பக்கத்துப் பையன், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பாலிசியில் அறை வாடகைக்கு நாளுக்கு 5000 ரூபாய்தான் வரம்பு, நோயாளி தங்கியது 8000 ரூபாய் அறையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாடகையை மட்டும் வெட்டினால் போதாது, டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் செலவையும் அதே விகிதத்தில் குறைக்க வேண்டும். ஒரு டேபில் வரம்பு, இன்னொன்றில் பில், மூன்றாவதில் கணக்கு. அந்த ஒன்பது குறிகளேதான். எண்ணை எடுத்துக்கொண்டு டேப் மாறுவதற்குள் நழுவிவிடும். அவன் சத்தமில்லாமல் திருத்தி அனுப்பியிருக்கிறான், பல மாதங்களாக. எனக்கு அது அரைகுறையாகத் தெரியும். முழுதாகத் தெரிந்துகொள்ள நான் விரும்பவில்லை.

ஒரு மே மாதம் ஏசி பழுதாகி இரண்டு நாள் கிடந்தது. முந்தைய ஃபைலின் வரம்பை அடுத்த ஃபைலில் போட்டேன். அவனும் கவனிக்கவில்லை. ஆடிட்டில் மாட்டியது. விதிப்படி கடைசியில் கையெழுத்துப் போட்டவர் செக்கர்தானே. எச்சரிக்கைக் கடிதம் அவனுக்கு, அந்த மாத இன்சென்டிவும் போச்சு. மீட்டிங்கில் நான் நோட்டில் ஏதோ எழுதுவதுபோல் குனிந்துகொண்டேன்.

பணம் கூடுதலாகப் போனதால்தான் அது பிடிபட்டது. குறைவாகப் போயிருந்தால்? ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் யாரோ ஒருவர் வளையலைக் கழற்றியிருப்பார், எங்கள் ஆடிட்டுக்குத் தெரிந்திருக்கவே போவதில்லை. அப்படி எத்தனை போயிருக்கும் என்று பின்னோக்கி எண்ண ஆரம்பித்தேன், பாதியில் நிறுத்திவிட்டேன்.

கொலைகாரன் வாசலில் வந்து கேட்டாலும் பொய் சொல்லக்கூடாது என்று 1797இல் எழுதினார் கான்ட். கம்பெனியை நான் அந்தக் கொலைகாரன் இடத்தில் வைத்திருந்தேன். கொஞ்சம் ஓவர்தான், ஒத்துக்கொள்கிறேன். வள்ளுவர் நம்மைப் போன்றவர்களுக்கு இரக்கம் காட்டுகிறவர், குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்க்கும் வாய்மையின் இடத்தைக் கொடுக்கிறார். அந்தக் குறளைத்தான் மூன்று வருடமாகச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். அதற்கு முந்தைய குறளை மறந்தது வசதியாக இருந்தது: வாய்மை என்பது யாருக்கும் தீங்கில்லாத சொல் என்கிறது அது. என் மௌனத்தின் தீங்கு எனக்கு இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்து, கடிதத்தை மடித்து பையில் வைத்துக்கொண்டிருந்தது.

என்னை மதிப்பிடுகிறவருக்கு நான் கடன்பட்டிருப்பது ஒன்று, என் பாரத்தைத் தெரியாமலே சுமக்கிறவருக்குக் கடன்பட்டிருப்பது வேறொன்று. முதலாமவரிடம் மறைப்பதற்குச் சேர்த்து வைத்த நியாயங்களை எல்லாம் இரண்டாமவர் மேலும் செலவழித்திருக்கிறேன். சரி, அவனிடம் சொன்னால்? சொல்வதும் ஒருவகையில் பாரத்தை ஏற்றுவதுதான். ஒரு ரகசியத்தைக் காக்கும் வேலையையும் அவன் தலையில் கட்டுகிறேன், மறுக்கிற வயதோ இடமோ அவனுக்கு இல்லை.

டீக்கடையில் வைத்துச் சொன்னேன். பேர் புரியவில்லை, இரண்டு முறை கேட்டான். "சரியாயிடுமாக்கா?" என்றான். மாத்திரையால் இன்னும் மோசமாகாமல் தள்ளிப்போடலாம் என்றேன். டீ ஆறும்வரை பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப ரூம் ரென்ட் ஃபைல் வந்தா முன்னாடியே சொல்லிடுங்கக்கா, நான் ரெண்டு தடவ பாத்துக்கறேன்" என்றான். இன்சென்டிவ் பணத்தை எடுத்து நீட்டினேன். வாங்கவில்லை. அவனுக்குக் கோபம் வந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் டீம் லீடிடம் போய், அந்தத் தப்பு என்னுடையது, கடிதம் எனக்கு வர வேண்டியது என்று சொன்னேன். அவர் ஆச்சரியமாகப் பார்த்தார். "எட்டு வருஷ எக்ஸ்பீரியன்ஸ் உங்களுக்கு. எப்படி நடந்துச்சு?"

"கவனக்குறைவு மேடம்" என்றேன்.

அந்த ஃபைலை நான் நான்கு முறை பார்த்திருந்தேன். அவ்வளவு கவனமாக அந்த வாரம் வேறு எதையும் பார்க்கவில்லை.