பெரட்டுக்கு நேரமாச்சு

மறதிநோய் வந்தவரிடம் பொய் சொல்லலாமா? எங்கள் குடும்பத்தில் இரண்டு வருடமாக ஓடும் சண்டை இது. தாத்தா எங்கே என்று பாட்டி கேட்டால் சித்தப்பா உண்மையைச் சொல்லிவிடுவார். "அப்பா செத்து இருபது வருஷமாச்சும்மா." அப்போதுதான் கேள்விப்பட்டதுபோல் பாட்டி மாரில் அடித்துக்கொண்டு அழுவார். அரைமணி நேரத்தில் மறந்துவிடும். "அதான் மறந்துடுறாங்கல்ல, அப்புறம் என்ன?" என்பது சித்தப்பாவின் கட்சி.

இது மூளையை ஒரே பெட்டியாக நினைக்கும் கட்சி. புது நினைவுகளைப் பதிய வைப்பது ஹிப்போகாம்பஸ். அல்சைமர் பெரும்பாலும் முதலில் கைவைப்பது அந்தப் பக்கத்தில்தான். கை பழகிய வேலைக்கு இடம் வேறு: சிறுமூளை, பேசல் கேங்க்லியா. 1953-இல் அமெரிக்காவில் ஹென்றி மொலைசனுக்கு வலிப்பைக் குறைப்பதற்காக இருபக்க ஹிப்போகாம்பஸிலும் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். அதன்பின் புதிதாகச் சந்தித்த யாரும் அவர் நினைவில் நிற்கவில்லை. ஆனால் கண்ணாடியைப் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியில் நாளுக்கு நாள் தேறினார். பயிற்சி செய்ததே அவருக்குத் தெரியாது! பாட்டியும் அப்படித்தான். காலையில் சாப்பிட்டது ஞாபகமில்லை. கையில் கரண்டியைக் கொடுத்தால் மணிக்கட்டு மரம் சீவுகிற சரிவுக்குத் திரும்பும். பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடம் பால் வெட்டிய கை.

உணர்ச்சி? ஐயோவா ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், ஹிப்போகாம்பஸ் சேதமான ஐந்து பேருக்குச் சோகக் காட்சிகளைக் காட்டியிருந்தார்கள். காட்சிகள் மறந்துபோயின, சோகம் போகவில்லை. அழுத நாட்களில் பாட்டி சாயங்காலம் முழுக்க முந்தானையைப் பிசைந்தபடி இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். சித்தப்பா சொன்னது செய்தியாகத் தங்கவில்லை, துக்கமாக மட்டும் தங்கிவிட்டது. இதை எப்படி உண்மை சொன்ன கணக்கில் சேர்ப்பது?

அதற்காக, "இந்தா வந்துடுவாரு" என்ற அத்தையின் பொய்யும் எனக்கு ஒப்பவில்லை. பாட்டி வாசலையே பார்த்து உட்கார்ந்துவிடுகிறார். காத்திருப்பும் தங்கும்தானே. (உண்மைதான் முக்கியமென்றால் பத்தாங் பெர்ஜுந்தையே இப்போது இல்லை. 2007-இல் பெஸ்தாரி ஜெயா ஆகிவிட்டது. லயங்கள் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது. அதையும் தினம் சொல்லித் திருத்துவதா?)

"பெரட்டுக்கு நேரமாச்சு, தாத்தாவ எங்கடா?" என்றால், "தாத்தாவுக்கு எந்த நெரை பாட்டி?" என்று நான் கேட்பேன். பழசு இன்னும் அழியவில்லை. கிராணியின் ஏச்சு, மழைத்தண்ணீர் நிறைந்த மங்கு என்று பேச்சு ஓடும். இதைச் சித்தப்பா நழுவல் என்கிறார். பொய் சொல்லாமலே ஏமாற்றுகிறேனாம். இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் அப்பா செத்த செய்தியைத் தன் வாயால் சொல்ல வேண்டியிருப்பது அவருக்குத்தான். அவருடைய ஹிப்போகாம்பஸ் நன்றாகவே வேலை செய்கிறது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் இதுவரை பேசவில்லை.